அவிழ்க்கக் கூடாத மூட்டை

மூன்று வழக்கறிஞர்களின் வாசலிலிருந்து விரட்டப்பட்ட பிறகே, வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் வீரம்மா, ஹட்டனில் வழக்கறிஞர் றம்ஸியாவின் படியேறினாள். "தோட்டத்தோடு பகைக்க முடியாது" என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலைநிமிரவே இல்லை. ஏழை திருடினான் என்று நம்ப இவ்வூருக்குச் சாட்சியே வேண்டாம். திருடவில்லை என்று நம்ப ஆயிரம் சாட்சியும் போதா!

அவளோடு விறகுப் புகை நெடியும் உள்ளே வந்தது. துப்பறியும் ஆசை தீராத எழுதுவினைஞர் கஜேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தார்.

"என் வீட்டுக்காரரு ஆண்டியப்பன் ரிமாண்டுல இருக்காருங்கம்மா. ஃபெக்டரித் தேயிலத் தூள ஒரு மூட்ட திருடி, எங்க லயத்து வீட்டுல அடுப்புக்கு மேல பரண்ல ஒரு மாசமா ஒளிச்சு வச்சாருன்னு மலையில எங்க வேலயப் பாக்குற கண்டாக்கையா பொலிசுல சொல்லிட்டாரு. கேஸு தோத்தா வேலயும் போயிரும், லயத்தயும் விடணும். புள்ளைங்கள எங்கிட்டுக் கொண்டுபோவேன்?"

"மூட்டையைக் கண்டுபிடிச்சது யாரு?" றம்ஸியா அமைதியாகக் கேட்டார்.

"கண்டாக்கையாவேதாங்க. நாங்க மலையில நின்ன நேரம், பொலிசோட வந்து நேரா பரண்லதான் கைய வச்சாரு. அங்கயே பொலித்தீன்ல சுத்தி சீல் வச்சிட்டாங்க. கொழுந்து நிறுக்கையில கிலோ வெட்டுறாருன்னு எங்காளு சண்ட போட்டாரு, அந்தக் காட்டம். இப்ப அவரே லோயரும் புடிச்சுத் தாராராம். குத்தத்த ஒத்துக்கிட்டாப் போதுமாம்."

றம்ஸியாவின் பேனா நின்றது. "குற்றஞ்சாட்டினவரே லோயரும் பிடிச்சுத் தாராரா?"

கதவு படாரெனத் திறந்தது. வீரம்மாவைப் பின்தொடர்ந்து வந்த கண்டாக்கு மாயாண்டி நின்றார். அவருடைய கம்பளிச் சட்டையிலிருந்து கார மணமொன்று எழுந்தது. கஜேந்திரன் தும்மினார்.

"ஐயாவுக்குப் பல்லு வலியா? கராம்பு வாசம் தூக்குதே!"

"வாய அடக்கிப் பேசு. கராம்பு வாங்கி விக்கிறேன், வீடு பூரா அதுதான் கெடக்கு. ஒனக்கென்ன?" என்றவர் வீரம்மாவிடம் திரும்பினார். "நான் பாத்துக் குடுத்த லோயரு கசக்குதோ? கள்ளன் பொண்டாட்டிக்குத் திமிரப் பாரு!"

"இது என் கந்தோர். சத்தம் வேண்டாம்" என்றார் றம்ஸியா.

"ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடியும். வழக்காடினா மூட்டயப் பிரிச்சு, தூளக் கிளறி, வருசக்கணக்கா இழுப்பாங்க. தேவையா?" உறுமிவிட்டு வெளியேறினார் மாயாண்டி.

கஜேந்திரன் துள்ளினார். "மூட்டயில அவரு கைரேக இருக்கு! அதான் பயம்!"

"பொலிஸ் பார்க்கத்தானே அதைத் தூக்கினார்? ரேகை இருந்தா யாரு குறை சொல்வாங்க? இன்னைக்கு உங்க மூக்கு ரெண்டு தடவை பாடுபட்டதே, அதை யோசிங்க."

கஜேந்திரனுக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை.

விசாரணை நாளில் ஆண்டியப்பன் குற்றத்தை மறுத்தார். லயத்து மனிதர் பயந்து ஒத்துக்கொள்வதே வழக்கமென்று இறுமாந்திருந்த மாயாண்டியின் முகம் கறுத்தது.

"மூட்டை ஒரு மாதம் அந்தப் பரணிலேயே இருந்ததா?" என்று சாட்சிக் கூண்டிலேறிய அவரிடம் றம்ஸியா கேட்டார்.

"ஆமா. சத்தியமா."

"நீதவான் அவர்களே, மூட்டையின் முத்திரையை உடைக்க அனுமதி வேண்டும்."

கயிறு அறுந்தது. மன்றம் முழுவதும் கராம்பு மணந்தது. பின்வரிசையில் கஜேந்திரன் தும்மினார்; தும்மிய கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தேயிலைத் தூள் அருகிலுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும்" என்றார் றம்ஸியா. " அதனால்தான் தூள் அறைக்குள் வாசனைச் சவர்க்காரக் கட்டியைக்கூட விடுவதில்லை. ஒரு மாதம் விறகடுப்புக்கு மேலிருந்த தூளில் புகை நெடி எங்கே? இது கராம்புக்கு நடுவே நாட்பட இருந்து, பிடிபடுவதற்குச் சற்று முன்னரே பரணுக்கு வந்திருக்கிறது. வீடு பூராவும் கராம்பு வைத்திருப்பவர் யாரென்பதைச் சாட்சியே சொல்லட்டும். மூட்டை அவிழக் கூடாது என்பதற்காகவே, குற்றத்தை ஒத்துக்கொள்ளச் செய்யும் வழக்கறிஞரையும் தேடிக் கொடுத்தார்."

 மாயாண்டியின் வீட்டைச் சோதிக்க உத்தரவானது. மேலும் இரு தூள் மூட்டைகள் கராம்பின் அடியில் அகப்பட்டன. ஆண்டியப்பன் விடுதலையானார்.

நீதிமன்ற வாசலில், பொலிஸார் நடுவே வந்த மாயாண்டியை வீரம்மா மறித்தாள்.

"எங்களுக்குப் பாத்து வச்ச லோயரு சும்மாத்தானே இருக்காரு, கண்டாக்கையா? அவரயே வச்சுக்கங்க. ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிருமாம்."