இறங்க வேண்டிய சுவர்

குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் கிளமென்ட் ராயப்பன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம், கடிதத்தாளும் பேனாவுமாகச் செயலாளர் நிஜாமுதீன். தரைத்தளத்துத் தமயந்தி வாசலோரம். அவர் கணவர் மாசிலாமணி சக்கர நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. மாடிக்காரர்கள் நாலைந்து பேர் சுவரோர பெஞ்சில். தூணில் பதித்திருந்த வெள்ளமானியும் வந்தவர் கணக்கில் சேர்த்தி. சங்க விதிப்படி அதற்கு ஓட்டு மட்டும் கிடையாது.

நகரத்தின் எல்லாக் கட்டடத்திலும் வெள்ளமானி வந்துவிட்டது. வரப்போகும் மழைக்காலங்களில் தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று கணித்துச் சொல்லும். சிவப்பு விளக்கு எரிந்தால் கட்டட இடர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்: கட்டடத்தை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள், இல்லையென்றால் தரைத்தளத்தைக் காலி செய்யுங்கள். இங்கேயும் சிவப்பு எரிந்து கடிதம் வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தை ஏற்கெனவே இரண்டு தடவை தூக்கியாகிவிட்டது. இன்னொரு தடவை தூக்கினால் தூண் தாங்காது.

மூன்றாம் மாடியில் ஒரு வீடு சும்மாதான் கிடக்கிறது, அதைத் தருகிறோம் என்று சொல்லி ராயப்பன் சாவியைத் தமயந்தியிடம் கொடுத்தார். மழைக்காலத்தில் லிஃப்ட் ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ மழை விடுற வரைக்கும் நான் பரண் சாமான் மாதிரி மேலேயே கிடக்கணுமா தலைவரே?" என்றார் மாசிலாமணி. பெஞ்சில் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை. வெள்ளமானி பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு ஏறணும்னுதான் எல்லாரும் உன்னைக் கேக்குறாங்க. எது இறங்கினா என் வீட்டுக்குத் தண்ணி வராது? அதைச் சொல்லு."

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெள்ளமானி கணக்கைப் புதிதாகப் போட்டது.

"இரண்டு இடம் இறங்க வேண்டும்," என்றது. "முதலாவது, ஓடைக்கரையில் கட்டட இடர் அலுவலகத்தின் சுற்றுச்சுவர். அந்த அலுவலகத்துக்கு ஆபத்தில்லை என்று பச்சை விளக்கு வர வேண்டும் என்பதற்காகப் போன வருடம் உயர்த்தினார்கள். அங்கே திரும்பும் தண்ணீர் இங்கே வருகிறது."

யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்தால் தனக்குச் சிவப்பு வந்தால், தடையை நீக்கச் சொல்லி யாரும் எழுதலாம். அது அந்த அலுவலகமே போட்ட விதி. நிஜாமுதீன் அவர்களிடமிருந்து வந்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அனுப்புநரையும் பெறுநரையும் இடம் மாற்றி, அதே மரியாதையோடு எழுதத் தொடங்கினார்.

"ரெண்டாவது?" என்றார் தமயந்தி.

"இந்த வளாகத்தில் கார் நிறுத்தும் மேடை. வந்த தண்ணீரை வெளியே போகவிடாமல் உங்கள் வீட்டுக்குள் தள்ளுகிறது."

மேடை ராயப்பன் கட்டியது. அவர் பெயர் பொறித்த கல்கூட அதில் இருக்கிறது. எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"எழுதுங்க பாய். எங்க மேடையை முதல்ல உடைக்கிறோம்னு எழுதுங்க. இல்லேன்னா இதே கடிதத்தை நமக்குத் திருப்பி அனுப்புவான்." பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தக் கல்லை மட்டும் பத்திரமா எடுத்துக் குடுங்கப்பா."

ரெண்டும் இறங்கினால் பச்சைதானா என்று தமயந்தி கேட்டார். ஆமாம் என்றது வெள்ளமானி. அவர் மூன்றாம் மாடிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

நிஜாமுதீன் உறையை ஒட்டியதும் மாசிலாமணி கை நீட்டி வாங்கிக்கொண்டார். வாசலில் படி இல்லை, சரிவுப் பாதைதான். நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பினார்.