கதவு மூடியே இருக்க வேண்டும்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள். பழைய கிடங்கைத் தடுத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் ஈரம் தேமலைப் போலப் படர்ந்திருந்தது. சர்வர் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அப்பா இறந்தது அங்கேதான்.

"ராக்கோழியோட பொண்ணா நீ? மூக்கே சொல்லுதே" என்றார் காவலாளி. வருஷக்கணக்காக இரவெல்லாம் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட அப்பாவுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. நுழைவு அட்டையை நீட்டிய காவலாளி, அவள் வாங்கிய பிறகும் அதை விடவில்லை. "வேலை முடிஞ்சதும் மேல வந்துடும்மா. அங்க உக்காந்துட்டு இருக்காத."

அப்பா செய்த வேலையை இனி யாருமே உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லாதபடி ஆக்குவதுதான் அவளுடைய வேலை. ஒவ்வொரு இயந்திரமும் எப்படி இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதிவைத்தால் போதும். கண்காணிப்பு மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கும். மாறியிருப்பதை எழுதியபடியே திருப்பி வைக்கும். யார் மாற்றினார்கள், எதற்கு மாற்றினார்கள் என்று கேட்காது.

அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. "மெஷினைத் தொட்டுப் பாக்காதவன் என்னடி காவல் காக்கிறது?" என்பார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறவரின் பேச்சு அது என்று அவள் சிரிப்பாள்.

இதயம் நின்றுவிட்டது, ஒரு நொடியில் போய்விட்டார் என்று கம்பெனி சொன்னது. அம்மாவுக்கு அந்தச் சொல் போதவில்லை. காலையில் வாசல்வரை வந்து, "அந்த ரூமைப் பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. அவர் கஷ்டப்பட்டாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

சர்வர் அறைக்கு எதிரே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து அவள் வேலையைத் தொடங்கினாள். திரையில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ஒன்று மட்டும் சிவந்தது. சர்வர் அறைக் கதவின் பூட்டை இயக்கும் சின்னப் பெட்டி அது.

இருக்க வேண்டியது: மூடி. இருப்பது: திறந்து.

மென்பொருள் அதைச் சரிசெய்தது. பச்சை.

மறுபடி சிவப்பு.

கையால் மாற்றப்பட்டது என்றது திரை. உள்ளே இருக்கும் கீபோர்டிலிருந்து.

மேலே இருந்த மேனேஜரைப் போனில் அழைத்தாள். "சார், சர்வர் ரூமுக்குள்ள யாராவது வேலை பாக்குறாங்களா?"

"யாரும் இல்லையேம்மா."

"கதவுப் பெட்டியில, மூடியே இருக்கணும்னு ஏற்கெனவே ஒரு விதி ஓடுது. நான் இன்னும் அதைத் தொடவே இல்ல."

"உன்னோடதுதான். வேலைக்கு மனு போட்டப்ப சாம்பிள் ஒண்ணு அனுப்பினியே, அதைச் சின்னப் பெட்டியா பாத்து ஒண்ணுல ஓட்டிப் பாத்தோம். பிசிறே இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் உன்னை எடுத்தோம்."

"எப்ப ஓட்டினீங்க?"

"உங்கப்பா இறந்துபோன வாரம்."

எதிரே சர்வர் அறைக் கதவில், புகை அலாரம் அடித்தால் உடனே வெளியேறவும் என்று எழுதியிருந்தது. "அன்னிக்குப் புகை அலாரம் அடிச்சுதா சார்?"

"பொய் அலாரம்மா அது. கேஸ் கொஞ்சம் திறந்துடுச்சு, அவ்வளவுதான். டாக்டர் இதயம்னுதான் எழுதினார். அந்த வயசுல..."

அவள் போனை வைத்தாள். தீயை அணைக்க அந்த அறைக்குள் பாயும் வாயு, காற்றில் உள்ள பிராணவாயுவை விரட்டிவிடும். நெருப்புக்கு இல்லாதது மனிதனுக்கும் இல்லை.

சாம்பிளோடு அனுப்பிய கடிதத்தில் அவள் பெருமையாக எழுதியிருந்தாள்: கையால் செய்த எந்த மாற்றமும் ஒரு நிமிடத்துக்கு மேல் தங்காது.

திரை சிவந்திருந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இயந்திரங்களின் இரைச்சல். எலும்பில் இறங்கும் குளிர். அலமாரி வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடமிருந்தது. கீபோர்டு கோடியில் இருந்தது. பாதி தூரம் போனபோது அப்பா வாயில் அடக்கிக்கொள்ளும் தொண்டை மிட்டாயின் வாசனை வந்தது.

பின்னால் பூட்டு விழுந்தது.

கோடியில் ஒரு விசை தானாக அமுங்கியது.

பிறகு இன்னொன்று.

ஒற்றை விரலின் நிதானம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. நடுவே ஒரு பிழை. அது அழிந்தது. மறுபடி முதலிலிருந்து. கடைசி விசை அமுங்கியதும் கதவுப் பூட்டு விலகும் ஓசை கேட்டது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

காலடி ஓசை அவளை நோக்கி வந்தது. ஒரு கால் ஊன்றியது, மற்றது இழுபட்டது. முழங்கால் தேய்ந்தவரின் நடை. அவள் அலமாரியோடு ஒட்டிக்கொண்டாள். ஏதோ ஒன்று அவளை உரசாமல் கடந்து கதவை நோக்கிப் போனது.

பூட்டு விழுந்தது.

உள்ளங்கை கதவை அறைந்தது. பிறகு கொஞ்சம் தாழ்வாக. பிறகு இன்னும் தாழ்வாக, தரைக்குப் பக்கத்தில்.

சற்று நேரம் எதுவும் இல்லை. பிறகு அந்தக் கால் மறுபடி கீபோர்டை நோக்கி இழுபட்டுக்கொண்டு போனது.

"அப்பா" என்றாள் மெதுவாக.

விசைகள் நிற்கவில்லை. பூட்டு மறுபடி விலகியது. அவளுக்கு முழங்கால் வலி இல்லை. ஓடினாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

எதிரறையில் அந்த விதியை அழித்தாள். மென்பொருளையே நிறுத்தினாள். கதவு தானாகத் திறந்துகொண்டு, திறந்தபடியே நின்றது. அவள் காத்திருந்தாள். யாரும் வெளியே வரவில்லை.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"பாத்தியாடி?"

"பாத்தேம்மா."

"கஷ்டப்பட்டாரா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லம்மா. ஒரு நொடிதான். உக்காந்த இடத்துலயே."

அம்மா அழுகிறாள் என்று அவள் நினைத்தாள். அம்மா கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் பக்கத்துல யாருடி அது," என்றாள் அம்மா தணிந்த குரலில், "மூச்சு கிடைக்காம இப்படித் தவிக்கிறது?"