மூன்று கொன்சோலும் ஒரு வாசலும்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கொட்டாஞ்சேனையில் எவ்லின் வீட்டு மணியை அடித்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. பெயர் சுபோதினி. வெள்ளவத்தைக்காரி, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் உத்தியோகம். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

எவ்லின் இருபத்திரண்டு வருடம் ஓர் இணையக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் இருந்து இளைப்பாறியவள்; இப்போதும் கோளாறுகளோடு ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். லைனில் கோளாறு என்று வருபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு லைனில் இல்லை, வீட்டில்தான் என்பது அவள் கண்ட அனுபவம். அவளுடைய அண்ணன் ஹியூபேட் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். எந்த வழக்கு வந்தாலும் குற்றவாளியை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். சரியான ஆளைக் கண்டுபிடிப்பது மட்டும் தங்கச்சியின் வேலை.

"அன்ரி, என்னை ஆரோ வேணுமெண்டு வெட்டுறாங்கள்," என்றாள் சுபோதினி.

விஷயம் இதுதான். அவள் கேம் கொன்சோலில் ஒன்லைன் விளையாடுகிறவள். ஐந்து பேர் கொண்ட அணி, அதில் அவள் ஒருத்திதான் பெண். போட்டிகள் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. கடந்த இரண்டு வெள்ளியும் அவளால் அணியோடு சேர முடியவில்லை. நான்கு பேரோடு ஆட முடியாது என்பதால் இரண்டு ஆட்டமும் கைவிட்டுப் போயின. இன்றைக்கும் சேர முடியாவிட்டால் அணித்தலைவன் நிஸாம் வேறு ஆளைப் போட்டுவிடுவான். பிறகு அவளுக்கு அந்த அணியில் இடமில்லை.

"படம் பார்த்தா வருதா?" என்று கேட்டாள் எவ்லின்.

"படம், பாட்டு எல்லாம் வரும் அன்ரி. ஆக்களோட சேரத்தான் ஏலாது. சனிக்கிழமை காலமை பாத்தால் எல்லாம் சரியாயிருக்கும்."

"வீட்டில எத்தனை கொன்சோல்?"

"மூண்டு. என்ர ஒண்டு, அவற்ர ஒண்டு, தம்பி சுகிர்தன்ர ஒண்டு. எல்லாத்துக்கும் ஒரே ரூட்டர்தான். என்ர வேலை செய்யாமல் போக ஓடிப்போய்த் தம்பியின்ரயில பாத்தனான். அதிலயும் சேர ஏலேல்லை."

"புருஷன்ரயில?"

"அவர் ஒன்லைன் போறதில்லை. தன்ர அறையில தனியத்தான் விளையாடுவார். அதில பாக்க எனக்கு யோசனையே வரேல்லை."

"தம்பியும் உங்கட அணியோ?" என்று ஹியூபேட் மூக்கை நுழைத்தார்.

சுபோதினி தயங்கினாள். "அவனும் கேட்டவன். நிஸாம் என்னைத்தான் எடுத்தவர். அதுக்குப் பிறகு என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்லை."

ஹியூபேட் தங்கச்சியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வழக்கு அவரளவில் முடிந்துவிட்டது.

"இப்ப வந்தா ஒண்டும் இருக்காது. ஐந்து மணிக்கு வாறம்," என்றாள் எவ்லின்.

வெள்ளவத்தையில் அவர்களுடைய ஃப்ளாட் நான்காம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவன் கணவன் ஜனா. குளித்து, விபூதி பூசி, அமைதியாக இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. நாலரைக்குச் சாமியறையில் விளக்கேற்றுவதும் அவன்தான். சுகிர்தன் சோபாவில் போனைத் தடவிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்த பார்வையில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது.

லைன் வயர் சாமியறைச் சுவரால் உள்ளே வந்திருந்தபடியால் ரூட்டரும் அங்கேதான், படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில்.

"தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க," என்று எவ்லின் சுகிர்தனிடம் சொன்னாள்.

அவன் எழும்பி வந்து வாசற்படியோடு நின்றுவிட்டான். "எனக்கு உள்ள வர ஏலாது அன்ரி. பெரியப்பா செத்து இருவது நாள்தான். துடக்கு. முப்பத்தொண்டு முடியவேணும்."

"எனக்கு மூண்டு நாளோட முடிஞ்சுது," என்றாள் சுபோதினி. "கலியாணம் கட்டினபடியால் நான் இப்ப இவையின்ர பக்கம்."

எவ்லின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முதலில் தன் போனால் ரூட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை. பிறகு லப்டொப்பை வயரால் பெட்டியோடு கொழுவினாள். உடனே திறந்தது. ஐந்து நிமிடம் வாசித்தாள். வெளியே வந்து மூன்று பேரையும் ஹோலில் இருக்கச் சொன்னாள். நேரம் ஐந்தரை.

"இந்த வீட்டுக்கு வெளியுலகத்தில ஒரே ஒரு விலாசம்தான்," என்று தொடங்கினாள். "ஒரே கேமை மூன்று மெஷின்ல விளையாடினாலும் வெளியிலயிருந்து வாறவன் ஒரே வாசலைத்தான் தட்டுவான். ரூட்டரைத் தன்ர பாட்டில விட்டா அது ஒவ்வொரு மெஷினுக்கும் வேற வேற வாசல் திறந்து குடுக்கும். ஆனா ஒருத்தர் கையால எழுதி வைக்கலாம், ஆர் தட்டினாலும் இந்த மெஷினுக்கே அனுப்பு எண்டு. எழுதினா மற்ற ரெண்டுக்கும் தட்டுற சத்தமே கேக்காது. படம் மட்டும் வரும், ஏனெண்டா அது நாங்க கேட்டு வாறது. இண்டைக்கு நாலு நாப்பதுக்கு அப்பிடி எழுதியிருக்கு. போன ரெண்டு வெள்ளியும் அதே நேரம். இரவு அழிச்சிருக்கு."

"இவன்தான்," என்றார் ஹியூபேட் சுகிர்தனைக் காட்டி. "அக்காவில வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல்தான்," என்றான் சுகிர்தன். "இல்லையெண்டு சொல்லேல்லை. அவவைவிட நான் நல்லா விளையாடுவன். ஆனா இதை நான் செய்யேல்லை."

"செய்யல்ல," என்றாள் எவ்லின். "இந்தப் பெட்டி வயர் கொழுவினாத்தான் அமைப்புகளைக் காட்டும். எழுதினவர் சாமியறைக்குள்ள நிண்டிருக்க வேணும். நான் ஏன் கேக்கிறன் எண்டு தெரியிறதுக்கு முந்தியே இவர் படியோட நிண்டிட்டார்."

"களவு செய்யிறவன் துடக்குப் பாப்பானோ?" என்று ஹியூபேட் விடவில்லை.

"பாக்காமல் விட்டாலும், தன்ர மெஷினையும் சேர்த்து அடைப்பானோ அண்ணா? சுபோ ஓடிப்போய்ப் பார்த்த மெஷின் இவர்ரதானே. அதுவும் செவிடு. எழுதினதில மெஷின்ர நம்பர்தான் இருக்கு, ஆற்ற எண்டு பேரில்ல. அப்ப வாசல் மூன்றாவது மெஷினுக்குத்தான் போயிருக்க வேணும். நாலரைக்கு அந்த அறையில விளக்கேத்தினவர் ஒருத்தர்தான்."

எல்லோரும் ஜனாவைப் பார்த்தார்கள். அவன் மறுக்கவில்லை.

"ஏன்?" என்றாள் சுபோதினி.

"ஒவ்வொரு நாளும் நீர் அந்த ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறீர். அவன் நிஸாம் என்ன சொல்லுறான் எண்டு எனக்குக் கேக்காது. உம்மட சிரிப்பு மட்டும் சுவராலை கேக்கும். என்னோட நீர் அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு நாள்."

பொறாமைக்குக் காது கூர்மை, புத்திதான் மட்டு. பக்கத்து அறைச் சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு எழும்பிப்போய் என்ன பகிடி என்று கேட்கத் தோன்றவில்லை. ஹியூபேட் சுகிர்தனைக் காட்டிய விரலை மடக்கிக்கொண்டார். சுகிர்தனுடைய முகத்திலிருந்த எரிச்சல்கூட எங்கோ போயிருந்தது.

"எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல தம்பி," என்றாள் எவ்லின். "சுபோவின்ர மெஷினை மட்டும் தடுக்கிறது லேசான வேலை. அதை விட்டிட்டு, ஒன்லைன் போகாத உங்கட மெஷினுக்கு வாசலை ஏன் குடுத்தீங்க?"

ஜனா தன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என்ரயில மட்டும் வேலை செய்யுமெண்டால் என்ர அறைக்கு வருவா எண்டு நினைச்சன். விளையாட்டுப் பழக்கினதே நான்தான், அன்ரி. கலியாணம் கட்டின புதுசில ஒரே மெஷினில பக்கத்தில பக்கத்தில இருந்து விளையாடினனாங்கள். ரெண்டு வெள்ளியும் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு இருந்தனான். தம்பியின்ர அறைக்கு ஓடினா. என்ர கதவைத் தாண்டித்தான் ஓடினா."

சுபோதினிக்குக் கண் கலங்கியது. கோபமும் அதற்குள் இருந்தது. அவள் எழும்பிச் சாமியறைக்குள் போனாள். எவ்லின் திரையில் இடத்தைக் காட்ட, எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அழித்தாள். ஆறு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. அறைக்குப் போய்க் கொன்சோலைப் போட்டாள். ஒவ்வொருவராக ஐந்து பெயரும் திரையில் வந்து நின்றன.

சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஜனா அவளுடைய அறை வாசலுக்கு வந்தான்.

"பக்கத்தில இருக்கட்டே?"

"ரெண்டு கிழமையா நான் அழ அழப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்," என்றாள் அவள். "வா எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் வந்திருப்பன். இண்டைக்கு வேண்டாம். நாளைக்குக் கேளுங்கோ."

எழும்பி வந்து கதவைச் சாத்தினாள். ஜனா கதிரையை அந்தக் கதவுக்கு வெளியிலேயே வைத்து உட்கார்ந்தான். ஆட்டம் முடியுமட்டும் எழும்பவில்லை.