கூட்டாளி சாகிற கட்டம்

பொன்மலையில் மூடிக் கிடந்த பழைய தியேட்டர் வாசலில் சிவசங்கர் பைக்கை நிறுத்தியபோது நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமையாதலால் ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கம் சத்தமே இல்லை. சந்தைக்குப் போகிறவர்கள் மட்டும் கையில் பையோடு குவார்ட்டர்ஸ் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். பேய் வருகிற நேரமா இது என்று கேட்கத் தோன்றும். வெளியேதான் பகல். தியேட்டருக்குள் எந்நேரமும் இருட்டுதானே.

பின்சீட்டில் அப்துல் அஹத், புரொஜெக்டரைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் புத்தூரில் செல்போன் கடை. சிவசங்கருக்கு ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இதே தியேட்டரில் காலைக் காட்சி கௌபாய் படம் பார்த்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சிநேகம் அது. தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பழைய ரசிகர்களை எல்லாம் கூப்பிட்டு அடுத்த வாரம் கடைசியாக ஒரு படம் போட்டுவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இன்றைக்கு வெறும் ஒத்திகை.

அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சிவசங்கரிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தார்கள். "இப்ப வர்ற படத்துல அடி விழுந்தப்புறம்தான் சண்டை. அந்தப் படங்கள்ல அடி விழறதுக்கு முன்னாடியே சண்டை முடிஞ்சிருக்கும்" என்பான். புழுதித் தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். கொடியில் துணி ஆடும். ஒருவன் தொப்பியைக் கொஞ்சம் கீழே இறக்குவான். அந்த நிற்கிற நேரத்துக்காகத்தான் அவன் காசு கொடுத்தான். சுடுவதெல்லாம் அவனுக்குக் கொசுறு.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பார்த்த படமானால் அடுத்து வருவதைச் சொல்லிவிடுவான். வாயை அடக்கவே முடியாது. அதனாலேயே அவன் மனைவி பிரேமலதா அவனோடு படம் பார்ப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது. அவள் அங்கன்வாடி டீச்சர். நாள் முழுக்கக் குழந்தைகள் "அப்புறம் டீச்சர்?" என்று கேட்க, கேட்டவர் முகம் வாடாமல் கதை சொல்லிப் பழகியவள். "நீங்க படம் பாக்கறதில்லைங்க, போஸ்ட்மார்ட்டம் பண்றீங்க" என்பாள்.

காவலாள் சின்னையா கேட்டைத் திறந்துவிட்டார். நாற்காலிகளை எடைக்குப் போட்டுவிட்டு, பின்பாதி முழுக்க மண்ணச்சநல்லூர் மில் அரிசியை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். திரைக்கு முன்னால் மூன்று வரிசை மரபெஞ்சு மட்டும் மிச்சம். தவிட்டு வாசனையும் வௌவால் எச்ச நாற்றமும் கலந்து அடித்தன. கூரை ஓட்டைகள் வழியே வெயில் சின்னச் சின்ன வட்டமாகத் தரையில் கிடந்தது.

"தாராளமா பாருங்க தம்பி" என்றார் சின்னையா. "பின்னாலேருந்து யாராச்சும் கேள்வி கேட்டா மட்டும் பதில் சொல்லிடாதீங்க."

அஹத் சிரித்தான். "யாரு கேப்பா? வௌவாலா?"

"பிச்சமுத்து."

சொல்லத் தயங்கித்தான் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவராம் பிச்சமுத்து. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் ஒரு கௌபாய் படம் விடமாட்டார். முன்வரிசைக்காரன் தோளைத் தட்டி, "என்ன சொன்னான்? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டே பார்ப்பார். அப்போதெல்லாம் ஒரே படப்பெட்டியை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டின. ஒரு ரீல் அங்கே முடிந்ததும் சைக்கிளில் இங்கே வரும். ஒருநாள் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில் கடைசி ரீல் வந்து சேரவில்லை. ஜனம் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. பிச்சமுத்து மட்டும் "வரும், வரும்" என்று உட்கார்ந்திருந்தார். மேட்னிக்குப் பெருக்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. கண் மட்டும் திரையைப் பார்த்தபடி.

"அந்த முடிவை யாராச்சும் சொல்லிட்டா போயிடப் போறாரு" என்றான் சிவசங்கர்.

"ஒருத்தர் சொன்னாரு தம்பி. அதையும் கேட்டுட்டு, 'அப்புறம்?'னு கேட்டாராம்." அதற்கு மேல் பேச இஷ்டமில்லாதவராக, டீ வாங்கி வருகிறேன் என்று சின்னையா கிளம்பிவிட்டார்.

நண்பர்கள் கிழிந்த திரை மேல் வேட்டியைக் கட்டி, முதல் பெஞ்சில் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டார்கள். ஒரு ஷெரீப், அவனுக்கு ஒரு கூட்டாளி, ஊரைச் சூறையாட வரும் கொள்ளைக் கூட்டம். பழகிய கதைதான். ஆனால் அந்தப் புழுதியும் குளம்பொலியும் அந்தக் கொட்டகையில் மறுபடி எழுந்தபோது சிவசங்கர் பழையபடி காலைப் பெஞ்சு மேல் தூக்கி மடித்துக்கொண்டான். அஹத் அவன் தோளில் கை போட்டான். இரண்டு பேரும் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

பாதியில் அஹத்துக்குப் போன் வந்தது. "அம்மாடா. பேசிட்டு வரேன்" என்று வெளியே போனான்.

திரையில் ஷெரீப் ஏதோ மெல்லச் சொன்னான். பின்னால் மூன்றாவது பெஞ்சு கிறீச்சிட்டது.

"என்ன சொன்னான்?"

டீயோடு வந்த சின்னையாதான் என்று நினைத்தான் சிவசங்கர். திரையிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை. "குதிரையை விட்டுட்டு நடந்து வரச் சொல்றான்" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கூட்டாளி வாசலுக்குப் போவான். அவனைத்தான் முதல்ல போடுவாங்க."

"அய்யோ பாவம். ஏன்?"

கேள்வி வந்ததும் அவனுக்குள் இருந்த ரசிகனுக்குக் குஷி கிளம்பிவிட்டது. "அதாங்க இந்தப் படங்களோட விதி. யாராச்சும் ஒருத்தர் சாகணும். ஹீரோவுக்கு வேண்டப்பட்ட ஆளாப் பார்த்துச் சாகணும். அப்பத்தான் அவனுக்குக் கோபம் வரும், துப்பாக்கியை எடுப்பான். அது இல்லாம கிளைமாக்ஸ் கிடையாது."

"ஓ" என்றது குரல், பாடம் கேட்கிற குழந்தை மாதிரி.

பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. கிரீஸ். அதோடு பீடி.

திரைக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. டீத் தூக்கோடு, முன்பக்கமாக, சின்னையா உள்ளே வந்தார்.

சிவசங்கர் பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

திரையில் கூட்டாளி வாசலுக்கு வந்தான். துப்பாக்கி வெடித்தது. கூடவே வாசல் பக்கம் தடாலென்று ஒரு சத்தம். அது படத்தில் கேட்ட சத்தமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், முகப்பு விளிம்பிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. வெயிலுக்கு ஒதுங்கி அதற்கடியில் நின்று பேசிக்கொண்டிருந்த அஹத், தலையெல்லாம் ரத்தமாகக் கிடந்தான். பக்கத்தில் போனில் அவன் அம்மா "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்த சின்னையா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

சிவசங்கர் நண்பனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்தக் கட்டம் அவனுக்கு மனப்பாடம். இந்தப் படங்களில் கூட்டாளி உடனே சாகமாட்டான். ஹீரோவின் மடியில் தலை வைத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் கண்ணை மூடுவான்.

உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது.

அஹத்தின் உதடு அசைந்தது. "சங்கர்..."

"பேசாதடா. ஒரு வார்த்தை பேசக் கூடாது." தலையைச் சின்னையாவின் மடிக்கு மாற்றிவிட்டு உள்ளே பாய்ந்தான். திரையில் கூட்டாளியின் இமை தாழ்ந்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடித்துப் பிடுங்கினான்.

இருட்டு.

மூன்றாவது பெஞ்சிலிருந்த குரல் இரண்டாவது பெஞ்சுக்கு வந்திருந்தது.

"அப்புறம்?"

"சாகலை" என்றான் சிவசங்கர். பல் கிட்டியது. "காயம்தான். பொழைச்சுக்கிட்டான்."

"அப்புறம்?"

வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடிக்கொண்டே, நச்சரிக்கும் பிள்ளைக்குச் சொல்வது போல, "மீதியை வந்து சொல்றேன்" என்றான்.

வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று அந்த அவசரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

புத்தூர் ஆஸ்பத்திரியில் அஹத்தை நேரே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அஹத்தின் அம்மா நஜ்முன்னிசா கதவருகே சுவரில் சாய்ந்து கண்மூடி ஓதிக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் இரும்பு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டிருந்தார்கள். சிவசங்கர் ஒன்றில் உட்கார்ந்தான். டெட்டால் வாசனையை மீறிக்கொண்டு கிரீஸ் வாடை வந்தது.

"அப்புறம்?"

அவனுக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லாமல் இருந்தால் பிச்சமுத்து தானாகவே முடிவைக் கட்டிக்கொள்வார். விதியைத்தான் அவன் வாயாலேயே சொல்லிக் கொடுத்தாயிற்றே. முடித்தாலும் விடமாட்டார். ஆகவே முடியாமல் சொல்ல வேண்டும். டாக்டர் நல்ல வார்த்தை சொல்லும்வரை கூட்டாளியைக் கதையில் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

சொன்னான். கூட்டாளிக்குக் கட்டுப் போட்டார்கள், குதிரையில் ஏற்றினார்கள், ஆறு தாண்டினார்கள். ஆற்றில் வெள்ளம். வெள்ளம் வடிந்தது. அடுத்த ஊர் வந்தது. தனக்குத் தெரிந்த படங்களையெல்லாம் பிய்த்துப் பிய்த்து ஒட்டினான். எந்தப் படமானாலும் கடைசியில் கூட்டாளி சாகிற இடத்துக்கே வந்து நின்றது. அந்த இடத்தை அவன் பயந்து பயந்து சுற்றிக்கொண்டு போனான். இத்தனை வருஷம் கைதட்டி ரசித்த கட்டம் அது.

மாலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, டிபன் கேரியரோடு பிரேமலதா வந்தாள். கணவன் தானாக முணுமுணுப்பதைப் பார்த்தாள். அதிர்ச்சியில் பேசுகிறான் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். பைத்தியம் என்று நினைப்பாளோ என்ற கூச்சம்.

விளக்குப் போடும் வேளையில் டாக்டர் வெளியே வந்தார். "ஆபத்து தாண்டிட்டாரு. நாளைக்குப் பேசுவாரு."

நஜ்முன்னிசா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சிவசங்கர் கதையைப் பாதியில் நிறுத்தினான். தப்பித்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தான். அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது தாழ்வாரத்தில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். பதறி எழுந்து கண்ணாடி வழியே பார்த்தான். அஹத் தலைக்கட்டோடு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பிரேமலதா கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினீங்க. எழுப்ப மனசு வரலை" என்றாள். "ஆனா பாவம், அந்தப் பெரியவருக்குத்தான் ஏமாற்றம்."

"எந்தப் பெரியவர்?"

"உங்களுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தாரே, நீலச் சட்டை போட்டுக்கிட்டு. நீங்க சொன்ன கதையைக் கேட்டுக்கிட்டே இருந்தாராம், பாதியில நின்னு போச்சாம். அப்புறம் அப்புறம்னு எங்க பிள்ளைங்க மாதிரியே கேக்கறாரு. அதான் மீதியை நானே சொன்னேன்."

சிவசங்கர் அவளருகே வந்தான். "என்ன சொன்ன?"

"கூட்டாளி பொழைச்சு ரெண்டு பேரும் ஊருக்கு வந்துட்டாங்கன்னேன். அவரு ஒத்துக்கலை. ஹீரோவுக்கு வேண்டப்பட்டவங்க யாராச்சும் செத்தாத்தான் முடியும்னு ஒரே பிடிவாதம். நீங்கதான் அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்களாம். அஹத் அண்ணன் உள்ள படுத்துக் கிடக்கறப்ப, கூட்டாளி செத்தான்னு சொல்ல எனக்கு வாய் வருமா? அதனால..."

"அதனால?"

"ஹீரோவுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா, சோறு எடுத்துக்கிட்டு வந்தா, திரும்பிப் போறப்ப வழியிலேயே அவ செத்துட்டான்னு முடிச்சேன். கதைதானேங்க." கேரியரைக் கையில் எடுத்தாள். "ரொம்ப சந்தோஷமாப் போனாரு. சரி, கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். நான் கிளம்பறேன்."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க. கையை விடுங்க."

விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிரேமலதா அவன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து, தெரிந்தவரைக் கண்டது போலச் சிரித்தாள்.

"என்ன பெரியவரே, கதைதான் முடிஞ்சுதே. இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

பின்னால் இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது. காதுக்கு வெகு அருகில், கிரீஸும் பீடியும் கலந்த மூச்சில், அந்தக் குரல் ஆசையாகக் கேட்டது.

"இனிமேதான் கிளைமாக்ஸா தம்பி?"