வீடு என்று குறித்த இடம்

நைரோபி நகரத்து உமோஜா குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஒயூகி ஏறி வந்தபோது மழை விட்டிருந்தது. கையில் ஏரி மீன் பொட்டலம். அண்ணன் ஒபியெரோ இறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் வருகிறான். ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போகிறான்.

"அண்ணி, லுவோ இனத்து ஆம்பளையை யாராவது நைரோபி இடுகாட்டுல போடுவாங்களா? இங்க இருக்கறது தங்கற இடம். வீடு நம்ம அப்பா ஊரு சியாயாவுல. அண்ணனை எடுத்துட்டுப் போயிடலாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பக்கத்துல இருக்கட்டும்னுதான் இங்கயே லங்காட்டாவுல புதைச்சேன்" என்றாள் அமொண்டி. அவள் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கணவனோடு அவையும் மண்ணுக்குள் போய்விட்டன. "அதை விடு தம்பி. இந்தக் கம்ப்யூட்டரைப் பாரு. கொஞ்ச நாளா மண்வெட்டி விளம்பரமா வருது."

"மாடியில விவசாயம் பண்றீங்களா?"

"நான் எதையும் தேடல."

ஃபோன் கடை வைத்திருப்பவன் ஒயூகி. இப்படி ஒரு புதிர் கிடைத்தால் மீனையும் மறந்துவிடுவான்.

"நாம கேக்கறதை எல்லாம் தேடுபொறி கணக்குப் பேர்ல சேர்த்து வெச்சுக்கும் அண்ணி. இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் அண்ணன் கணக்குலதான் இருக்கு. அவர் ஃபோனும் அதே கணக்கு. அதுக்கு ரெண்டும் ஒரே ஆள். ஃபோன்ல ஒண்ணைத் தேடினா இங்க விளம்பரம் வரும். ஆள் செத்ததை யாரும் அதுக்குச் சொல்லல பாருங்க. சரி, ஃபோனை எந்தப் பய வெச்சிருக்கான்?"

"அவர் கையில."

"என்னது?"

"பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் வெச்சேன். உயிரோட இருந்தப்ப அதைக் கீழ வெச்சதே இல்லையே."

அது உண்மை. வேலை முடிந்து ஃபோனைப் பார்த்தபடியேதான் ஒபியெரோ படியேறுவான். இந்த வீட்டு வைஃபை கடைசிப் படி வரைதான் எட்டும். அங்கே கால் வைத்ததும் ஃபோன் அதில் சேரும், கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். பக்கத்து வீட்டார் திருட்டுத்தனமாகச் சேர்ந்தால் தெரியட்டும் என்று ஒயூகி வைத்துக் கொடுத்த மணி. அதைக் கேட்டுத்தான் அமொண்டி தட்டு எடுத்து வைப்பாள்.

ஒயூகி தேடல் வரலாற்றைத் திறந்தான்.

'மண் ஏன் இவ்வளவு கனக்கிறது.'

அதற்கு மேலே, 'ஆணி அடித்த பலகையை உள்ளிருந்து திறப்பது எப்படி.'

எல்லாவற்றுக்கும் மேலே, இன்று காலை கேட்டது.

'வீட்டுக்கு வழி.'

ஒயூகி வரைபடத்தைத் திறந்தான். நீலக்கோடு லங்காட்டா இடுகாட்டிலிருந்து கிளம்பியது. சியாயா இருக்கும் மேற்குப் பக்கம் அது திரும்பவே இல்லை. நேரே உமோஜாவுக்கு வந்து, இந்தக் கட்டடத்தில் முடிந்தது.

"இதை வீடுன்னு யாரு போட்டது?" அமொண்டி கிசுகிசுத்தாள்.

"யாரும் போட வேண்டாம். ராத்திரி ராத்திரி ஃபோன் எங்க கிடக்குதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். தினமும் ஒரே இடம்னா அதுதான் வீடுன்னு முடிவு பண்ணிக்கும். லுவோக்காரனுக்கு வீடு எதுன்னு அதுக்கென்ன தெரியும்?"

அவன் வீட்டுக் குறியை இழுத்துக்கொண்டுபோய்ச் சியாயாவில், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தான்.

கோடு மாறவில்லை.

"ஏன் தம்பி?"

"ஒரு தடவை வழி வாங்கின ஃபோன் மறுபடி கேக்காது. வாங்கின வழியிலயே வந்துடும்."

சன்னல் சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் அறைக்குள் மண் வாசனை வந்தது. மழை நனைத்த மேல்மண்ணின் வாசனை அல்ல. ஆழத்தில் தோண்டிய மண்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் அமொண்டி. "நாளைக்கே. நான் சரின்னு சொல்லிட்டேன்."

ஒயூகி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது.

அமொண்டி எழுந்தாள். பழக்கத்தில் அடுப்படிக்குப் போய், தட்டு எடுத்து வைத்தாள்.