பூங்கோதையின் சாற்றெண்

செவ்வாய்க் கிரகத்தில், புதுப்பவானி ஊரின் வருகைக் கூடத்தில் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துணிப்பை இருக்கும். வந்து சேர்கிறவர்களுக்கு உடுத்த உடை கொண்டுவருவது வீட்டார் பொறுப்பு. ஓர் ஆளை ஒளியாக்கி அனுப்பவே மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. உடுத்திய துணியையும் சேர்த்து அனுப்பச் செவ்வாய்க் குடியேற்றத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அதிகாரியானாலும் கூலியாள் ஆனாலும் பிறந்த மேனியாகத்தான் வந்து சேர்வார்கள். ஊழியர்கள் பையை வாங்கி உள்ளே கொடுப்பார்கள். சற்று நேரத்தில் ஆள் உடுத்திக்கொண்டு வெளியே வரும். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. பையில் உள்ளாடை வைக்க மறந்த வீட்டாருக்குத்தான் அன்று முழுவதும் திட்டு விழும்.

சென்னியப்பன் எதையும் மறக்கவில்லை. பையில் இளம்பச்சைப் பருத்திச் சேலை ஒன்று இருந்தது. அதை மூன்று முறை இஸ்திரி போட்டிருந்தான். அவனுடைய கவலையெல்லாம் ரவிக்கையைப் பற்றித்தான். அவன் மனைவி பூங்கோதை சனிக் கிரகத்தின் டைட்டன் நிலவில் மீத்தேன் குழாய்ப் பொறியாளராக நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். எடை குறைவாகத் தெரியும் அந்த ஊரில் உடம்பு எப்படி ஆகியிருக்குமோ, பழைய அளவு சேருமோ சேராதோ. குவிமாடங்களின் தூசி வடிகட்டிகளைப் பழுதுபார்க்கிறவனுக்கு அரை மில்லிமீட்டர் விலகலையும் கண்ணால் அளக்கத் தெரியும். நான்கு ஆண்டு காணாத மனைவியின் தோள் அளவு மட்டும் பிடிபடவில்லை.

கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சரிபார்ப்பு அதிகாரி ரெஜினா வெளியே வந்து அவன் பெயரைச் சொல்லி அழைத்தாள்.

"உங்க மனைவி வந்துட்டாங்க. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா சாற்றெண் ஒத்துப்போகல."

சாற்றெண் என்றால் என்ன என்று அந்தக் குடியேற்றத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். புறப்படும் இடத்தில் ஒருவருடைய எலும்பு, நரம்பு, நினைவு எல்லாவற்றையும் ஒரு மென்பொருள் அரைத்து, ஒரே வரியில் அடங்கும் எண்ணாக்கிவிடும். மூச்சும் பசியும் இரத்த ஓட்டமும் அந்தக் கணக்கில் சேராது. இங்கே நெய்யறையில் ஆளைத் திரும்ப நெய்து முடித்ததும் அதே மென்பொருள் மறுபடி அரைக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், போனவர்தான் வந்தவர். பழைய பூமியில் மென்பொருள்காரர்கள் இதையே ஹாஷ் என்று அழைத்தார்கள். இறக்கிய கோப்பு வழியில் சிதையாமல் வந்ததா என்று பார்க்கவும், கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைக்காமல் காக்கவும் அது அவர்களுக்குப் பயன்பட்டது. மனிதர்களையும் அதைக் கொண்டு சரிபார்க்கும் காலம் பிறகு வந்தது.

"எவ்வளவுங்க மாறியிருக்குது?" என்று கேட்டான்.

"அது தெரியாது. ஒரே ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமா வேற ஆயிடும். எங்க மாறுச்சு, என்ன மாறுச்சுன்னு எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மாவைப் பார்த்து எந்தெந்த அரிசி உள்ள போச்சுன்னு சொல்ல முடியுமா?"

"அப்படின்னா மறுபடியும் அனுப்பச் சொல்லுங்க."

"அங்க யாரு இருக்கா அனுப்ப? ஆளைப் படிச்சு ஒளியா அனுப்பினதும் அந்த உடம்பு கலைஞ்சிடும். இருக்கிறது இவங்க மட்டும்தான்."

சட்டம் இப்படி. எண் பொருந்தாமல் வந்தவரிடம் பழைய பதிவுகளிலிருந்து கேள்விகள் கேட்பார்கள். தவறான பதில் வந்தால், பூங்கோதை என்பவர் வழியில் சிதைந்தார் என்று எழுதி முடித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் பெண்ணுக்குப் புதுப் பெயரும் வடதுருவக் குடியிருப்பில் ஓர் அறையும் கிடைக்கும். பூங்கோதையின் வேலைக்கோ வீட்டுக்கோ கணவனுக்கோ அவளுக்கு உரிமை இருக்காது.

"இந்தச் சேலைய மட்டும் குடுத்துரலாங்களா?"

"விசாரணை முடியட்டும். யாருக்குக் குடுக்கிறோம்னு முதல்ல முடிவாகணுமே," என்றாள் ரெஜினா. சொன்ன பிறகு அவளுக்கே அது கொடுமையாகப் பட்டிருக்க வேண்டும். பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விசாரணை அறையில் பூங்கோதை சாம்பல் நிறப் போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. கணவனைக் கண்டதும் எழுந்தாள். ஊழியர் கையமர்த்த, உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இப்படி இளைச்சுட்டீங்க? நேரத்துக்குத் திங்கறதே இல்லையா?"

"நீதான் அம்மணி இளைச்சிருக்க," என்றான். ரவிக்கை தளர்வாகத்தான் இருக்கும் என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டான்.

ரெஜினா கேள்விகளைத் தொடங்கினாள். படித்த கல்லூரி, முதல் வேலையில் மேலாளராக இருந்தவரின் பெயர், சின்ன வயதில் கை முறிந்த இடம். பூங்கோதை தயங்காமல் சொன்னாள். எல்லாம் பதிவோடு பொருந்தியது. ரெஜினாவின் குரலிலும் இறுக்கம் குறைந்தது.

"உங்க கல்யாணம் பதிவாளர் அலுவலகத்துல நடந்தது. அன்னிக்கு ரெண்டு பேர்ல தாமதமா வந்தது யாரு?"

"இவருதானுங்க," என்றாள் பூங்கோதை, மற்றெல்லாவற்றையும்விட உறுதியாக. "நான் வடக்கு வாசல்ல முன்னாடியே வந்து நிக்கறேன். அங்க அடையாள அட்டை படிக்கிற கருவி வேலை செய்யல. இவரு ஆடி அசைஞ்சு வந்தாரு. எங்க முறையே தவறிப்போய், அடுத்த ஜோடி முடிச்ச பின்னாடிதான் எங்களைக் கூப்பிட்டாங்க."

ரெஜினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசல் பதிவுல முதல்ல பதிவானது உங்க கணவரோட அட்டை. உங்களது ரொம்ப நேரம் கழிச்சுத்தான். அதுவும் தெற்கு வாசல்ல."

"பதிவு தப்புங்க."

"பதிவுக்கும் சாற்றெண் இருக்கு. அன்னிக்கு எழுதினது இன்னிக்கு வரைக்கும் ஒரு எழுத்துகூட மாறல." ரெஜினா சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "எண்ணும் பொருந்தல, நினைவும் பொருந்தல. வழியில சிதைஞ்சது இதுவாத்தான் இருக்கும். நான் வருத்தப்படறேன்."

"ஐயோ, இல்லீங்க! இதுதானுங்க அவ!" சென்னியப்பன் கிட்டத்தட்டக் கத்தினான். "கல்யாணம் ஆன நாளா இதையேதான் சொல்றா. விருந்தாளி வந்தாச் சொல்லுவா, சோத்துல உப்பு குறைஞ்சாச் சொல்லுவா. நானும் விட்டுக்குடுக்க மாட்டேன். எங்க தெருவே கேட்டிருக்குதுங்க. தான்தான் லேட்டுன்னு அவ ஒத்துக்கிட்டிருந்தாத்தானுங்க நீங்க சந்தேகப்படணும்!"

"அது உங்க வாக்குமூலம். சட்டத்துக்குப் பதிவுதான் முக்கியம்." சற்றுத் தணிந்த குரலில் பூங்கோதையிடம் கேட்டாள். "ஒருவேளை மறந்திருப்பீங்க. யோசிச்சுப் பாருங்க. தாமதமா வந்தது நீங்கதான்னு சொல்லிட்டா இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

பூங்கோதை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இவருதான்," என்றாள்.

சென்னியப்பன் மடியிலிருந்த பையைப் பார்த்தான். எத்தனை விருந்துகளில், எத்தனை பேர் முன்னால் இந்த ஒரு விஷயத்துக்காக வாதாடியிருக்கிறான். பதிவாளர் அலுவலகப் படிக்கட்டில், ஒவ்வொரு வண்டியிலிருந்தும் அவள் இறங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலை இன்னும் அவன் கண்ணில் அப்படியே இருந்தது. நியாயம் முழுக்க அவன் பக்கம்தான்.

"அவ சொல்றதுதானுங்க சரி," என்றான்.

ரெஜினா நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு என் அட்டைய சிநேகிதன்கிட்ட குடுத்து வாசல்ல காட்டச் சொன்னனுங்க. நான் வர நேரமாயிருச்சு. உங்க பதிவு மாறலைங்க. ஆனா எழுதும்போதே பொய்யைத்தானுங்க எழுதுச்சு. அட்டை வந்ததுதான் அதுக்குத் தெரியும், ஆளு வந்தானா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

மென்பொருள் படித்த ரெஜினாவுக்கு அது புரிந்தது. எழுதியது மாறவில்லை என்று சாற்றெண் சொல்லும்; எழுதியது உண்மையா என்று சொல்லாது. "பொய் வருகைப் பதிவு குற்றம். ஒரு பருவம் முழுக்கக் கூரைத் தூசி துடைக்கிற தண்டனை வரும். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"சத்தியமாச் சொல்றீங்களா?"

"சத்தியமா நான்தானுங்க லேட்டு."

ரெஜினா அவனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பதிவைத் திருத்தினாள். திருத்திய பதிவோடு பூங்கோதையின் நினைவு பொருந்தியது. கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது.

சேலை அவளுக்கு அழகாக இருந்தது. ரவிக்கைதான் தளர்வு. சுரங்கப்பாதை வண்டியில் இருவரும் அருகருகே உட்கார்ந்து வந்தார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"எது பொய்? நீ சொன்னதைத்தான சொன்னேன்."

"லேட்டா வந்தது நான்தானுங்க."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தான்.

"வண்டி நிறுத்தத்துல உக்காந்திருந்தேன். கல்யாணம் பண்ணிக்கலாமா வேண்டாமான்னு. ரெண்டு வண்டிய விட்டுட்டேன். அதை எப்படி உங்ககிட்ட சொல்றது? அதுதான் வடக்கு வாசல், கருவின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அதையே புடிச்சுக்கிட்டேன்." அவள் ஜன்னலுக்கு வெளியே சிவந்த இருட்டைப் பார்த்தாள். "டைட்டன்ல எண் எடுத்து முடிச்சதும் அங்க இருந்த ஊழியப் பொண்ணு சொன்னா, இனிமே இயந்திரத்துக்குள்ள போற வரைக்கும் எதையும் புதுசா யோசிக்காதீங்கன்னு. அப்பத்தான் தோணுச்சு, வீட்டுக்குப் போனதும் உங்ககிட்ட சொல்லிரணும்னு. முடிவே பண்ணிட்டேன். அதுலதான் எண் மாறியிருக்கும்போல."

"அங்கயே சொல்லியிருக்கலாமல்லோ!"

"அந்தம்மா முன்னாடியா? உங்ககிட்ட மட்டும் சொல்றதுக்கு வச்சிருந்தனுங்க."

எத்தனையோ ஆண்டாக அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. ஒரு பயம்தான் வந்தது. போன பூங்கோதை சாகிறவரை இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அப்படியானால் அந்த எண் சொன்னது சரிதான். போனவள் அப்படியே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்...

"ஏன் அப்படிப் பாக்கறீங்க? வேற ஆளாட்டத் தெரியறனா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வண்டிய விட்டயா?"

"ஆமாங்க."

"மூணாவதுல ஏறிட்டயல்லோ," என்று சொல்லி அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தோள் அளவு அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இறங்கும்போதுதான் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. "இதை யாருகிட்டயும் மூச்சு விட்ராத அம்மணி. அரசாங்கப் பதிவுல இப்ப நான்தான் லேட்டு. நீ உண்மையச் சொன்னயின்னா, நீ நீயில்லைன்னு ஆயிரும்."

"அப்ப காலத்துக்கும் அந்தப் பொய்யையே சொல்லோணுமா?"

"சொல்லித்தான் ஆகணும். நல்லாச் சத்தமாச் சொல்லு."

வீட்டு வாசலில் அடுத்த வீட்டு ஜமீலாக்கா காத்திருந்தாள். அவர்கள் சண்டையைச் சுவர் வழியாகவே கேட்டு மனப்பாடம் செய்திருந்தவள். பூங்கோதையைக் கட்டிக்கொண்டு, "கூப்பிட வந்த மனுஷன் நேரத்துக்கு வந்தாரா?" என்று கேட்டாள்.

பூங்கோதை கணவனை ஒரு கணம் பார்த்தாள். "இவரா? கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு," என்றாள் சத்தமாக.

ஜமீலாக்கா வழக்கமான பதிலை எதிர்பார்த்துச் சென்னியப்பன் பக்கம் சிரித்தபடி திரும்பினாள்.

"ஆமாங்கக்கா," என்றான் அவன். "தப்பு என்மேலதான்."

ஜமீலாக்காவின் சிரிப்பு மறைந்தது. அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பூங்கோதையைத் தனியாக இழுத்துக் காதோடு கேட்டாள்:

"ஏம்மா, உன்னைக் கூப்பிட வந்த இடத்துல இவரையும் அந்த இயந்திரத்துல போட்டு எடுத்துட்டாங்களா?"