மூன்று பை நாற்றம்

காலை 11.30. நாற்றம் திருட்டுப் போயிருந்தது.

ஆய்வகத்து மேஜையில் தலையணை அளவில் மூன்று பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. விடியற்காலையில் கழிவுநீர் நிலையத்துச் சகதித் தொட்டிக்கு மேலிருந்து அவற்றில் காற்றைப் பிடித்து வந்தவள் அவள். வாசனையை அளப்பதுதான் தொழில். அலுவலகத்தில் அவளுக்கு ‘மோப்பக்காரி’ என்று பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

அந்தப் பைகளை முகர்ந்து மார்க் போட ஆறு பேர் உண்டு. காலையிலிருந்து டீ குடிக்காமல், சென்ட் பூசாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் ஒரே பதிலை எழுதினார்கள்: ‘எந்த வாசமும் இல்லை.’

தொட்டியை ஒட்டிய காலி நிலத்தில் இருநூற்று நாற்பது வீடுகள் கட்ட ஒரு கட்டுமான நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அங்கே எவ்வளவு நாறும் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை பிற்பகல் மூன்று மணிக்கு.

“நல்ல சேதிதானே, கையெழுத்தைப் போடு” என்றார் அத்தான். அக்காவின் கணவர், அந்த ஆய்வு நிறுவனத்தின் முதலாளி.

“தொட்டி நாறுச்சு அத்தான். பை நாறலை. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாம நான் பேனாவைத் தொட மாட்டேன்.”

வீம்பு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளலாம். அவளும் அக்காவும் வளர்ந்த வீட்டுக்கு அடுத்த சுவர் இப்படியொரு தொட்டிதான். பதினாறு வருஷம் ஜன்னல் திறக்காத வீடு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு பெஞ்சு மாறிப் போனதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தப் பெண்ணை அல்ல. அங்கே வீடு கட்டலாம் என்று கையெழுத்துப் போட்டவனை.

ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. தொட்டிக் காற்று வெதுவெதுப்பானது, விடியல் குளிரானது. பை நிரம்பியதுமே உள்ளே பொடிப்பொடியாக நீர் கோத்துக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். இவை அந்தப் பைகளே அல்ல. அவள் எழுதிய சீட்டுகளை மட்டும் அவிழ்த்து இவற்றில் கட்டியிருக்கிறார்கள்.

வேனுக்கு ஓடினாள். புதுப் பைகள் இருந்த டப்பாவில் எண்ணிக்கை மூன்று குறைந்தது. கரி வடிகட்டி வைத்த கைப் பம்பு இடம் மாறிக் கிடந்தது. அதில் அடித்தால் சுத்தமான காற்றுதான் வரும்.

மதியம் 12.10. காலையில் நடந்ததை மனதில் வரிசைப்படுத்தினாள். 6.40க்குத் தொட்டியருகே நின்று, வழக்கம்போல ஒவ்வொரு பையையும் ஒருமுறை நிரப்பி, பிழிந்து காலிசெய்து, மறுபடி நிரப்பி மூடினாள். 7.05க்குப் பைகளைக் கறுப்புப் பெட்டியில் வைத்து, பெட்டியை வேனில் வைத்துவிட்டு, நிலத்தின் எல்லையைச் சுற்றப் போனாள். திரும்பியபோது மணி 7.35. நிலைய வாசல் ரிஜிஸ்டர்படி அந்த அரை மணி நேரத்தில் வேன் பக்கம் வந்திருக்கக்கூடியவர்கள் மூன்றே பேர்.

முதலில் டிரைவர். வாசல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் போனதாகவும், வேனைப் பூட்டவில்லை என்றும் தலையைச் சொறிந்தார்.

“பெட்டியைத் தொட்டீங்களாண்ணே?”

“அந்த நாத்தத்தை நான் ஏம்மா தொடப் போறேன்?”

அடுத்து, கட்டுமான நிறுவனத்தின் மேற்பார்வையாளர். அளவெடுப்பதை உடனிருந்து பார்க்கிறேன் என்று கூடவே எல்லையைச் சுற்றக் கிளம்பியவர், இரண்டாவது முனையிலேயே குமட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். போனில் கேட்டபோது, தனக்கு வயிறு சரியில்லை, நிலத்தில் நாற்றமே கிடையாது என்று வாய் கூசாமல் சாதித்தார்.

மூன்றாவது அத்தான். 7.15க்கு ஏதோ படிவத்தோடு வந்தார், வேனருகே ஐந்து நிமிஷம் நின்றார், அவளைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். அவரே சொன்னதுதான் இது.

பிற்பகல் 1.15. மூவரையும் ஆய்வகத்துக்கு வரவழைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் காற்று வேண்டும், ஆளுக்கொரு புதுப் பையில் பிடித்துத் தாருங்கள் என்றாள். மேற்பார்வையாளர் இதென்ன விளையாட்டு என்று முணுமுணுத்தார். ஆனாலும் அந்தக் கைப் பம்பை வாங்கி நிரப்பி, மூடிக் கொடுத்தார். டிரைவரும் நிரப்பி, மூடிக் கொடுத்தார். அத்தான் போனில் பேசிக்கொண்டே நிரப்பினார், பிழிந்தார், மறுபடி நிரப்பினார், மூடினார்.

ஆறு பேரும் முகர்ந்தார்கள். யாருடைய பை என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டுக்கும் ‘பிளாஸ்டிக் வாடை’ என்று எழுதினார்கள். மூன்றாவதுக்கு, ‘எந்த வாசமும் இல்லை.’

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தானுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“புதுப் பைக்குன்னு ஒரு வாடை உண்டு. ஒருதடவை காத்தைப் பிடிச்சு வெளியேத்தினாத்தான் அது போகும். வெளியாள் யாராவது மாத்தியிருந்தா காலையிலயே இவங்க ஆறு பேரும் பிளாஸ்டிக் வாடைன்னு எழுதியிருப்பாங்க. எழுதலை. மாத்தினவருக்குத் தொழில் தெரியும். வேன்கிட்ட வந்த மூணு பேர்ல தொழில் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். திருடும்போதுகூட உங்களுக்கு வேலையைச் சுத்தமாத்தான் செய்ய வருது அத்தான்.”

அத்தான் போனை மேஜைமேல் வைத்தார். மேற்பார்வையாளர் கதவைப் பார்த்தார்.

“காலையிலேர்ந்து உங்க கார் டிக்கியை யாரையும் தொட விடலைன்னு டிரைவர் அண்ணன் சொன்னார். டிக்கியைத் திறங்க.”

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். டிக்கியில் ஒரு சாக்குக்குள் மூன்று பைகள், பாதி காற்றோடு, உள்ளே நீர்த்துளிகளோடு. முகர்கிறவர்கள் ஆறு பேரும் மார்க் போடக் காத்திருக்கவில்லை; நாலடி பின்னால் போய் நின்றார்கள்.

அத்தான் தாழ்ந்த குரலில் பேசினார். அந்த நிறுவனம் இனிமேல் கட்டப்போகும் எல்லா இடத்துக்கும் இவர்களையே கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறதாம். எல்லாம் குடும்பத்துக்காகத்தானாம். எவனோ குடிவரப் போகிற வீட்டுக்காகச் சொந்தக்காரனைச் சந்தியில் நிறுத்துவதா என்றார்.

“இதை வெளியே சொல்லிட்டு உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பே?”

“அக்காகிட்ட அப்பவே பேசிட்டேன். நீங்க ரெண்டாந்தடவை நிரப்பினதைப் பார்த்ததும் வெளியே போய் போன் பண்ணினேன்.” அவள் டிக்கியிலிருந்து சாக்கை வெளியே எடுத்தாள். “அவளும் அதே வீட்டுல வளர்ந்தவதான். ‘என்னைப் பார்த்துக் கையை நிறுத்தாதே, எழுது’ன்னா.”

பிற்பகல் 3.00. விசாரணை அறையில் அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அறிக்கை எங்கே என்று கேட்டார். அவள் எழுந்தாள். பைகள் மாற்றப்பட்டன, மாற்றியவர் தங்கள் நிறுவனத்து முதலாளி, இந்த முடிவு செல்லாது என்றாள். நிறுவனத்தின் உரிமம் போய்விடுமே, அது தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

“தெரியும் சார். மூக்கு என்னோடதுதான். அதுக்கு உரிமம் தேவையில்லை.”

விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. தொட்டிக் காற்றை மறுபடி பிடிக்க வேண்டும், வேறொரு நிறுவனத்தின் பெயரில், ஆனால் அவளே பிடிக்க வேண்டும் என்று உத்தரவானது. அன்று சாயங்காலம் அவள் தன் மேஜையைக் காலிசெய்தாள். அத்தான் வழியனுப்ப வரவில்லை.

அடுத்த வாரம், காலை 6.40. அவள் தொட்டியருகே நின்று பைகளை நிரப்பி, பிழிந்து, மறுபடி நிரப்பினாள். நீர் கோத்துக்கொண்டது. மூன்றையும் கறுப்புப் பெட்டியில் வைத்து மூடி, எல்லையைச் சுற்றி வரக் கிளம்பினாள்.

வேனுக்குள், துணைக்கு வந்திருந்த அக்கா அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

“நீ போய்ட்டு வாடி” என்றாள். “இந்த நாத்தத்தை இனி எவன் எடுக்கிறான்னு பார்க்கிறேன்.”